இல்லாததைத் தேடு

இருந்தது ஒரேயொரு போத்தல் பெற்றோல். அதையும் பக்கத்துக் கடை மஜீட்டின் மோட்டார்சைக்கிளிலிருந்து, கெஞ்சிக் கூத்தாடி, குழாயில் வாய் வைத்து உறிஞ்சிக்கொண்டு வந்திருந்தான் சரீப். வந்தவன் வாயைக் கொப்புளித்துவிட்டு, இன்று முழுக்கத் தன் முகத்துக்கு நேரே யாரும் நெருப்புக்குச்சி கிழிக்கக்கூடாது என்று கடைவாசலில் நின்று ஊருக்கு அறிவித்தான்.

சீதேவிப்பிள்ளை சிரிக்கவில்லை. தம்பியை அடக்கம் பண்ணிய நாளிலிருந்து அவள் சிரிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டாள். ஒரு காலத்தில் காப்புறுதிக் கம்பனிக்காக எரிந்த கடையையும் கவிழ்ந்த லொறியையும் மோப்பம் பிடித்தவள் அவள். சண்டை வந்து கம்பனி ஊரைவிட்டுப் போன பிறகு சொந்தமாகவே விசாரணை வேலை எடுத்துச் செய்தாள். களவுபோன தோணி எஞ்சின், கட்டாரில் இரண்டாம் கல்யாணம் முடித்த மாப்பிள்ளை, எதுவானாலும் மட்டக்களப்பில் ‘விசாரணை அக்கா’ என்றால் வழி காட்டுவார்கள். அவளுக்கு மூளை, சரீப்புக்கு வாய். தோஹாவில் படித்த கொம்பியூட்டர் வேலையைக் காத்தான்குடியில் கடை போட்டு விற்றுக்கொண்டிருந்த சரீப், மிச்ச நேரத்தில் அவளுக்குத் துணைக்கு வருவான். தொண்ணூற்றொன்பதாம் ஆண்டில், மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்த ஊரில், மிச்ச நேரம்தான் அவனிடம் அதிகம் இருந்தது.

இந்த முறை முறைப்பாட்டுக்காரி அவளேதான். தம்பி யோகராசா பழுகாமத்துக்கென்று தோணியேறிப் போனவன் வீடு திரும்பவில்லை. காணவில்லை என்று நோட்டீஸ் அடித்துச் சுவர் சுவராக ஒட்டினாள். கடைசியில் வாவிக்கரைச் சேற்றில் நிற்கும் கண்ணா மரங்களின் வேர்களுக்குள் அவனைக் கண்டெடுத்தார்கள். தலையின் பின்பக்கம் உடைந்திருந்தது. சட்டைப்பையில், பொலித்தீன் உறைக்குள், யாரோ ஒருவனின் பெயரில் கிராம சேவகரின் வதிவிடச் சான்றிதழ் ஒன்று இருந்தது. அது போலி.

யுத்தம் நடக்கிற ஊரில் கொலைகாரனுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. பழியைப் போட இரண்டு பக்கமும் ஆள் இருக்கும். இவங்கதான் என்று பாதி ஊர் சொன்னது, அவங்கதான் என்று மீதி ஊர் சொன்னது, பிறகு இரண்டு பாதியும் சேர்ந்து வாயை மூடிக்கொண்டன. சீதேவிப்பிள்ளை மூடவில்லை. இப்படிப்பட்ட போலிச் சான்றிதழை நம்பிக் கொழும்புக்குப் புறப்பட்ட பழுகாமத்துப் பொடியன்களும் கதிரவெளிப் பொடியன்களும் சோதனைச் சாவடியில் பிடிபட்டுப் போனார்கள். பலர் இன்னும் வரவில்லை. சாவதற்கு முந்திய வாரம் முழுக்க, இதை யார் செய்கிறார்கள் என்று யோகராசா விசாரித்துத் திரிந்தான். அக்காவின் குணம் அவனிடமும் கொஞ்சம் இருந்தது. அந்தக் குணம்தான் அவனைக் கொன்றது.

சான்றிதழ் கொம்பியூட்டரில் அடித்து லேசர் பிரிண்டரில் எடுத்தது. அந்த வட்டாரத்தில் அப்படியொரு பிரிண்டர் இருந்த இடம் ஒன்றே ஒன்று: நகரத்தில் இளையதம்பியின் அச்சகம். இளையதம்பி சீதேவிப்பிள்ளைக்கே மூத்தவர், ஆனாலும் யோகராசாவுக்கு உற்ற கூட்டாளி, அவன் பாடையில் ஒரு கால் தூக்கியவர், முப்பத்தோராம் நாள் வந்தவர்களுக்கெல்லாம் தன் கையால் சோறு பரிமாறியவர். தன் இடத்தில் யாரோ வாடிக்கைக்காரன் இந்த அநியாயத்தைச் செய்துவிட்டானே என்று அவர் கண் கலங்கினார். அச்சகம் தொடங்கிய நாளிலிருந்து அங்கே அடித்த எழுத்துக் கோப்பு அத்தனையையும் தானே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிக் கொடுத்தார். நல்லாத் தேடுங்க தங்கச்சி, அந்த நாயைப் புடிங்க என்று சொல்லியனுப்பினார்.

பிடித்தால் என்ன செய்வது என்பதையும் அவள் முடிவு செய்து வைத்திருந்தாள். அவளுக்கு இரண்டு பேரைத் தெரியும். ஒருவர் வாவிக்கு இந்தப் பக்கம், மற்றவர் அந்தப் பக்கம். எவர் காதில் ஒரு பெயரைப் போட்டாலும், அந்தப் பெயருக்குரியவனைப் பிறகு யாரும் பார்க்கமாட்டார்கள். அவள் இரண்டு காதிலும் போடப்போகிறாள். யார் முதலில் என்று அவர்கள் ஓடட்டும்.

சரீப் ஜெனரேற்றரின் கயிற்றை இழுத்தான். அது இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. பார்த்தால் தமிழ் மாதிரியே இல்லை. அந்தக் காலத்து எழுத்துருவில் தாளில் தமிழாக வருவது, கோப்புக்குள்ளே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பிக் கிடக்கும். சரீப் அதையே தமிழாக வாசிக்கப் பழகியிருந்தான். தன் பெண்சாதி ஸஹீதாவின் முகத்தை வாசிப்பதைவிட இது சுகம் என்பான்.

தேட வேண்டியவற்றை அவள் சொல்லச் சொல்ல அவன் குறித்துக்கொண்டான். கிராம சேவகர் என்ற சொல், அதைச் சுருக்கி எழுதும் விதங்கள், பழுகாமம், கதிரவெளி, வதிவிடம், அத்தாட்சி. கடைசியில் அடையாள அட்டை இலக்கம். எந்த இலக்கம் என்று சரீப் கேட்டான். எந்த இலக்கமென்று தெரியாது, ஆனால் அதன் வடிவம் தெரியும் என்றாள் அவள். ஒன்பது இலக்கம், ஒட்டினாற்போல ஓர் ஆங்கில எழுத்து. இலங்கையில் யாருடையதானாலும் அப்படித்தான் இருக்கும். ஆளைத் தெரியாவிட்டாலும் சட்டையைச் சொல்லித் தேடலாம்.

சரீப் பட்டியலைப் பார்த்தான், பெற்றோல் போத்தலைப் பார்த்தான். ஒரு சொல்லை அத்தனை கோப்பிலும் தேடி முடிக்கவே இந்தக் கிழட்டு மெஷின் தவழ்ந்து தவழ்ந்து போகும். இத்தனை சொல்லுக்கும் திரும்பத் திரும்ப முதலிலிருந்து தவழ்ந்தால், பெற்றோலுக்கு மஜீட்டின் மாமனாருடைய மோட்டார்சைக்கிளையும் உறிஞ்ச வேண்டிவரும் என்றான்.

“சரீப், நீ நேற்று சென்றியால வரக்குள்ள உன்ன எத்தினை தரம் நிப்பாட்டினவன்?”

“ஒருதரம்தான் அக்கா. ஒருதரமே காணும்.”

“அந்த ஒருதரத்திலதானே பேக்கையும் பார்த்தான், பாஸையும் பார்த்தான், மூஞ்சையும் பார்த்தான். பேக்குக்கு ஒருக்கா, பாசுக்கு ஒருக்கா எண்டு உன்னத் திருப்பித் திருப்பி காத்தான்குடிக்கு அனுப்பல்லயே. அதே மாதிரி ஒவ்வொரு கோப்பையும் ஒருதரம் நிப்பாட்டு. எல்லாக் கேள்வியையும் அப்பவே கேள்.”

சரீப் வாயைப் பிளந்தான். அந்தச் சென்றிச் சாவடியில் அக்காவுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தால் வரிசை பாதியாகக் குறைந்திருக்கும் என்றான். சொல்லிக்கொண்டே எல்லா வடிவத்தையும் வரிக்கு ஒன்றாக ஒரே கோப்பில் அடித்தான். அதைத் தேடல் நிரலின் கையில் கொடுத்தான். ஒரே ஓட்டம். இவற்றில் ஏதாவது ஒன்று அகப்பட்டாலும் அந்தக் கோப்பின் பெயர் திரையில் வரும்.

டிஸ்க் கரகரவென்று சுற்றியது. திரையில் ஒன்றும் வரவில்லை. ஜெனரேற்றர் பெற்றோலைக் குடித்துக்கொண்டிருந்தது. சீதேவிப்பிள்ளை திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. ஒரு பெயர் வரட்டும், ஒரேயொரு பெயர் வரட்டும் என்று மனதுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஓட்டம் முடிந்தது. ஒரு கோப்பும் இல்லை.

நிரலில் பிழையா என்று பார்க்க, சரீப் தன் அடையாள அட்டை இலக்கத்தை ஒரு வெறும் கோப்பில் அடித்து அதைத் தேடவிட்டான். உடனே பிடித்தது. ஆக வலையில் ஓட்டை இல்லை, வாவியில்தான் மீனில்லை.

அவன் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். அவள் சாயவில்லை. வேலைக்கு விண்ணப்பம் எழுதுகிற பிள்ளைகள் எங்கே போய் ரைப் அடிப்பார்கள் என்று கேட்டாள். நகரத்தில் பாதிப் பேர் இளையதம்பியண்ணனிடம்தான் என்றான் சரீப். அந்த விண்ணப்பத்தில் அடையாள அட்டை இலக்கம் இராதா என்று கேட்டாள். அது இல்லாத விண்ணப்பம் ஏது என்று சொல்ல வாயெடுத்தவன், பாதியில் நிறுத்திக்கொண்டான்.

இவ்வளவு காலத்தில் ஒரு விண்ணப்பம்கூடவா இல்லை? அவர்களுக்கு முன்னமே யாரோ இதே வலையை இதே வாவியில் வீசியிருக்கிறார்கள். போலிச் சான்றிதழ்களைத் தேடிப் பிடித்து அழிக்கப் போனவன், அவசரத்தில் அடையாள அட்டை இலக்கம் இருந்த எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்டான். குற்றவாளிக் கோப்போடு அப்பாவிப் பிள்ளைகளின் விண்ணப்பங்களும் சேர்ந்து போய்விட்டன. அந்த வெறுமைதான் இப்போது அவனைக் காட்டிக் கொடுக்கிறது.

“இந்தத் தேடுற வேலைய அங்க ஆருக்குப் பழக்கினாய்?” என்று கேட்டாள்.

சரீப்பின் குரல் இறங்கியது. “புஸ்பத்துக்கு அக்கா. அண்ணன் ரைப் மட்டும்தான் அடிப்பாரு. மத்ததெல்லாம் அவளுட வேல.”

புஸ்பம் அச்சகத்தில் ரைப் அடிக்கிற பெட்டை. உன்னிச்சையில் தாயோடு இருப்பவள். யோகராசாவின் உடல் கிடைத்த வாரத்தோடு வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போனவள், பிறகு நகரத்துப் பக்கம் தலைகாட்டவில்லை. எல்லாம் பொருந்தியது. செத்த வீட்டுக்குக்கூட வராதவள் என்பது சீதேவிப்பிள்ளைக்கு இப்போதுதான் உறைத்தது. ஒரு சிறு பெட்டை. அவள் அடித்த காகிதத்துக்கு எத்தனை தாய்மாரின் பிள்ளைகள், கடைசியில் தன் பிள்ளை மாதிரி வளர்த்த தம்பி. மேசையில் இருந்த ரெலிபோனைத் தன் பக்கம் இழுத்தாள். உன்னிச்சை அந்தப் பக்கத்துக்காரரின் கைக்குள். ஒரு பெயரும் ஊரும் சொன்னால் போதும்.

சரீப் தன் கையை ரெலிபோனின் மேல் வைத்தான். அவளைத் தொடுகிற துணிச்சல் அவனுக்கு இல்லை, ரெலிபோனைத்தான் தொட்டான்.

“அக்கா, இது டிஸ்க் இல்ல. அழிச்சிப்போட்டு மறுகா எடுக்க ஏலா.”

“கைய எடு.”

“எடுக்கிறன். ஒரு கோப்பக் காட்டிப்போட்டு எடுக்கிறன். அவ அடிச்ச போலியெண்டு ஒண்டு கெடைச்சாக் காணும். போத்தல்ல இன்னம் கொஞ்சம் கெடக்கு.”

அவள் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். சரீப் எதையாவது செய்து அவள் கண்ணைத் திரைக்குத் திருப்ப வேண்டுமென்று, கோப்புகளின் முதல் வரியை மட்டும் ஒவ்வொன்றாக ஓடவிட்டான். திரை முழுக்க ஒரே எழுத்து, வரிக்கு ஒன்றாகத் தனித்தனியே நின்றது. அது பிள்ளையார் சுழி. இளையதம்பியின் பக்தி ஊரறிந்தது. கல்யாணக் கார்ட்டானாலும் கடை விளம்பரமானாலும் தலைப்பில் உ போடாமல் அவர் கை ஓடாது. புதுக் கோப்புத் திறந்தாலே சுழி வந்து நிற்கும்படி சரீப்பிடம் சொல்லி ஒரு மாதிரிப் படிவம் செய்து வைத்திருந்தார். முஸ்லிம்களின் வேலைக்கு 786, வேதக்காரருக்குச் சிலுவை என்று அதற்கும் வேறு படிவங்கள். மரணக் காரியத்துக்கு மட்டும் சுழி இல்லை. சில அச்சகக்காரர் அதற்கும் போடுவார்கள். இளையதம்பி செத்தாலும் போடமாட்டார்.

சீதேவிப்பிள்ளை ரிசீவரை வைத்தாள்.

இருக்கிறதைத் தேடினால் வராது, அதைத்தான் அழித்துவிட்டார்களே. இனி இல்லாததைத் தேட வேண்டும். திருட்டுக் காகிதத்தின் தலையில் பிள்ளையாரை வைக்க எந்தக் கைக்கும் கூசும். போலி அடிக்கும்போது சுழியை அழித்துவிட்டுத்தான் அடித்திருப்பாள். முன்பு தேடிய சொல் ஒன்றும் வருமுன்னமே பாதியில் விட்ட போலி ஒன்றாவது மிஞ்சியிருந்தால், அது தலை மொட்டையாக நிற்கும்.

சரீப்புக்கு இது பிடித்துக்கொண்டது. உ என்று சும்மா தேடினால் உப்பும் உளுந்தும் உலகமும் வரும் என்று சொல்லி, வரியின் தொடக்கத்தையும் முடிவையும் இறுக்கிக் கட்டி, நடுவில் அந்த ஓர் எழுத்து மட்டும் தனியே நிற்கும் வடிவத்தை அடித்தான். அதற்குக் கீழே 786. அதற்குக் கீழே சிலுவை. பிறகு மரணம், அமரர், அந்தியேட்டி, ஜனாஸா. இவற்றில் ஒன்றாவது உள்ள கோப்பெல்லாம் நல்ல கோப்பு, ஒதுங்கிப் போகலாம். ஒன்றுமே இல்லாத கோப்பின் பெயரை மட்டும் காட்டு என்று நிரலைத் தலைகீழாகத் திருப்பினான். மீண்டும் ஒரே ஓட்டம். ஜெனரேற்றர் தும்மத் தொடங்கியது. கொஞ்சம் பொறு மகனே, மஜீட்டுக்கு நான் என்ன பதில் சொல்ல என்று அதைத் தட்டிக் கொடுத்தான்.

ஒரு பெயர் வந்தது. கொஞ்ச நேரம் பார்த்தார்கள். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

சரீப் அதைத் திறந்தான். முதல் வரியைத் தமிழாக்கி வாய்விட்டு வாசித்தான்: காணவில்லை. இரண்டாம் வரிக்குப் போனவன் வாசிக்கவில்லை.

“இது வாணாம் அக்கா.”

“வாசி.”

அவன் வாசித்தான். யோகராசா. வயது. நீலச் சட்டை, வெள்ளைச் சாரம். இடது புருவத்தில் தழும்பு. கண்டவர்கள் தயவுசெய்து அறிவிக்கவும். அவன் அறிவிக்கவும் என்று சொல்லும்போது ஜெனரேற்றர் நின்றது. திரை செத்தது.

கடைக்கு வெளியே சைக்கிள் மணிகளும் பிரம்புக்கூடைக்காரனின் கூவலும் எப்போதும் போலக் கேட்டுக்கொண்டிருந்தன. சரீப் மெதுவாக, மறந்திருப்பார்கள் அக்கா என்றான். உடனே தானே தலையை ஆட்டி மறுத்துக்கொண்டான். மறந்தால் சுழி இருக்கும். படிவத்திலேயே இருப்பது அது. இல்லாமல் போக வேண்டுமென்றால் ஒருவன் விரலை வைத்து அழிக்க வேண்டும். மற்றக் காணவில்லை நோட்டீஸ்களும் அந்த டிஸ்க்கில் எத்தனையோ உண்டு. அவை எல்லாவற்றிலும் சுழி இருந்ததால்தான் இந்த வலையில் அகப்படாமல் ஒதுங்கிப் போயின.

ஏன் இருக்காது? பிள்ளையைத் தொலைத்த தாய்மார் இளையதம்பியைத் தேடித்தானே போவார்கள். சுழி போட்டு அடித்தால் ஆள் வீடு வந்து சேரும் என்று அவர்தான் சொல்லுவார். அதை நம்பித்தான் அன்று காலை அவளும் போனாள். புஸ்பம் வேளாண்மை வெட்டுக்கென்று ஊருக்குப் போயிருந்தாள். இளையதம்பியே உட்கார்ந்து அடித்தார். அவள் மேசைக்கு இந்தப் பக்கம் அழுதுகொண்டு தம்பியின் சட்டை நிறத்தைச் சொன்னாள். அவர் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தட்டினார். அப்போது யோகராசா காணாமல் போனவன் மட்டும்தான். அவன் செத்தது யாருக்கும் தெரியாது. அவனுக்கென்று அவள் வீட்டில் சோறு மூடி வைத்திருந்தாள்.

அந்த நோட்டீஸை அவள்தான் தன் கையால் சுவர் சுவராக ஒட்டினாள். ஒருநாளும் அதன் தலைப்பை அவள் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் முகத்தைத்தான்.

சரீப் ரெலிபோனைப் பார்த்தான். அவள் அதைத் தொடவில்லை. இன்னும் கொஞ்சத்தில் ஒன்றுமறியாத ஒரு பெட்டையின் பெயரை அதற்குள் சொல்லியிருப்பாள் என்ற நினைப்பு அவளை நடுக்கியது. அந்த நடுக்கத்தையும் சேர்த்து இளையதம்பியின் கணக்கிலேயே எழுதிக்கொண்டாள். அந்த மனுசனுக்கு ரெலிபோன் போதாது.

மத்தியானத்துக்குள் இருவரும் அச்சகத்தில் இருந்தார்கள். நகரத்தில் அன்று மின்சாரம் இருந்தது. சாமிப் படத்துக்கு முன்னால் சாம்பிராணி புகைந்தது. இளையதம்பி நெற்றி நிறையத் திருநீற்றோடு எழுந்து வந்தார்.

“வாகா தங்கச்சி. என்ன, ஏதும் அம்பிட்டிச்சா?”

ஒன்றும் அகப்படவில்லை என்றாள். அவர் முகத்தில் ஒரு சுருக்கம் விரிந்ததை அவள் பார்த்துக்கொண்டாள். வந்த காரியம் வேறு, ஒரு காணவில்லை நோட்டீஸ் அவசரமாக அடிக்க வேண்டும் என்றாள். இந்தக் காலத்தில் அதற்கென்ன பஞ்சம் என்று பெருமூச்சு விட்டுக்கொண்டே அவர் கொம்பியூட்டரின் முன்னால் உட்கார்ந்து புதுக் கோப்புத் திறந்தார். தலைப்பில் சுழி வந்து நின்றது. ஆளின் பெயர் என்ன என்று கேட்டார்.

“இளையதம்பி. அச்சகம் வைச்சிரிக்கிறவர்.”

அவர் சிரிக்கப் பார்த்தார். சரீப் கதவைச் சாத்தி அதில் முதுகைச் சாய்த்தான். அவன் முகத்தில் பகிடி இல்லாததைப் பார்த்த பிறகு அவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அவள் கைப்பையிலிருந்து தம்பியின் நோட்டீஸை எடுத்து அவருடைய விசைப்பலகையின் மேல் விரித்தாள். ஏதோ ஒரு சுவரிலிருந்து உரித்தது, மூலையில் இன்னும் காய்ந்த பசை இருந்தது. இதில் சுழி எங்கே என்று கேட்டாள். மறந்துபோச்சு தங்கச்சி, அண்டைக்கு மனசு சரியில்ல என்றார். மறந்தால் சுழி நிற்கும் அண்ணன், அழித்தால்தான் போகும், அந்தப் படிவம் நான் செய்தது என்றான் சரீப்.

இளையதம்பி சாமிப் படத்தைத் திரும்பிப் பார்த்தார். அங்கே உதவி ஒன்றும் கிடைக்கவில்லை. நோட்டீஸின் வெறுந்தலையில் விரலை வைத்துத் தடவினார்.

“செத்தவனுக்குச் சுழி வைக்கக் கை வரல்ல தங்கச்சி,” என்றார்.

மற்றதெல்லாம் கொட்டிவிட்டது. சான்றிதழ் அடித்தது அவர்தான். யோகராசா அதைக் கண்டுபிடித்துவிட்டு, கூட்டாளி என்ற முறையில் முதலில் அவரிடமே வந்தானாம். நாளைக்குப் பழுகாமத்துக்கு என்னோடு வந்து அந்தத் தாய்மாரின் காலில் விழ வேண்டும், இல்லாவிட்டால் நான் சொல்லுவேன் என்றானாம். அவரும் சம்மதித்து ஒரே தோணியில் போனார். நடு வாவியில், அவன் முன்னால் திரும்பி இருக்கும்போது, தோணி வலிக்கிற சவளால் அடித்தார். போலிக் காகிதத்துக்காக ஏதோ ஒரு பக்கம் அவனைக் கொன்றது என்று ஊர் நினைக்கட்டுமென்று ஒரு போலிச் சான்றிதழைப் பையில் திணித்தார். உடல் கிடைத்ததும் புஸ்பத்தை வேலையால் நிறுத்தினார். செத்த வீட்டுக்குப் போகக்கூடாதென்று வெருட்டி அனுப்பிவிட்டு, அவளிடம் முன்பு பார்த்துப் பழகியதை வைத்துக் கோப்புகளை அழித்தார். எல்லாம் சரியாகத்தான் செய்தார். பொய் சொல்லும்போதும் கொல்லும்போதும் கூசாத கை, ஓர் எழுத்தை எழுத மட்டும் கூசிவிட்டது.

சீதேவிப்பிள்ளை கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. அந்தத் திருநீற்று நெற்றியைச் சுவரில் மோத வேண்டும் போல இருந்தது. கதவருகே ஒரு வாளி கிடந்தது. தம்பியின் நோட்டீஸ் ஒட்ட இளையதம்பி பசை கிண்டித் தந்த அதே வாளி.

“அண்ணன், எனக்கு ரெண்டு பேரைத் தெரியும். ஒருத்தர் இஞ்சால, ஒருத்தர் அங்கால. உங்கட பேரை ஒருக்காச் சொன்னாக் காணும். உங்கட பொஞ்சாதி வந்து என்னப்போல ஒரு நோட்டீஸ் அடிக்கணும். அவவுக்கு அடிச்சிக் குடுக்கவும் ஆளில்ல.”

அவர் கதிரையிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடிக்க வந்தார். அவள் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். ஏறி இருங்க, வேலை முடியவில்லை என்றாள்.

அவள் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். தன் பெயர், தகப்பன் பெயர், தொழில். தான் அடித்த போலிகள். அவற்றை நம்பிப் போன பொடியன்களின் பெயர்கள் ஊர் வாரியாக. அவருக்கு ஞாபகம் வராத பெயர்களை அவள் எடுத்துக் கொடுத்தாள், ஒன்றையும் விடவில்லை. கடைசியில் யோகராசா, தோணி, சவள். இடையிடையே அவர் நிறுத்தினார். நிறுத்தும்போதெல்லாம் அவள் ரெலிபோன் எங்கே இருக்கிறதென்று சரீப்பிடம் விசாரித்தாள். உடனே தட்டல் தொடங்கியது.

எல்லாம் முடிந்தது. தம்பியின் நோட்டீஸ் எங்கெங்கே ஒட்டியிருந்ததோ அங்கெல்லாம் அதன் பக்கத்தில் இதை அவர் தன் கையால் ஒட்ட வேண்டும், தான் பின்னால் வருவேன், கடைசிச் சுவர் நீதவானுடைய வாசலில் இருக்கும் என்றாள். பட்டப்பகலில், அத்தனை கண்ணுக்கும் முன்னால், செய்ததை எழுத்தில் வைத்துவிட்டு நீதவானிடம் போகிறவனை எந்தப் பக்கமும் சத்தமில்லாமல் தூக்க முடியாது. அந்த ஒரு தயவு மட்டும் அதில் இருந்தது. அதுவும் அவருக்காகச் செய்த தயவல்ல.

இளையதம்பி திரையின் தலைப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையார் சுழி அங்கே நின்றது, அதற்கு நேர் கீழே அவர் பெயர் நின்றது. பிறகு அவர் விரல், யாரும் சொல்லாமலே, அழிக்கிற விசைக்குப் போனது.

சீதேவிப்பிள்ளை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சுழி இரிக்கட்டும் அண்ணன். நீங்க இன்னம் சாகல்லயே. பழுகாமத்தில அவ்வளவு தாய்மார் உங்களப் பார்க்கிறதுக்கெண்டு நிக்காங்க. அவங்களுக்கு நீங்க உசிரோட வேணும்.”

பிரிண்டர் ஒன்றொன்றாகத் தாள்களைத் தள்ளத் தொடங்கியது. சரீப் வாளியைத் தூக்கிக்கொண்டு பசை கிண்டப் போனான். அன்று முழுக்க அவன் அதற்குப் பிறகு ஒரு பகிடியும் விடவில்லை.